பதினான்கு விசில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி எட்டு நிமிடத்துக்கு என் மருமகள் வீட்டின் பின்கொட்டகையில் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அது பதினான்கு முறை விசில் அடித்தது. நான் முன்னறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் பதினான்கையும் எண்ணினேன். அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்பது. அதற்கும் முந்தைய ஞாயிறு ஐந்து. இந்த வேகத்தில் போனால் அடுத்த ஞாயிறு இருபது வரும். தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு என்று நினைத்து ஆட்கள் விடுமுறை நாளில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

குக்கருக்குள் இருந்தது மாட்டிறைச்சி. அதை நூல் நூலாகப் பிய்த்து, இனிப்புக் கிச்சாப் என்னும் சோயாச் சாற்றில் புரட்டி, கிண்ணத்தில் சூடான சோற்றின் மேல் பரப்பி, பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டையும் மேலே வெங்காயத் தாளும் வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில் என் மகனோடு போய் அப்படி ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். மகன், "இத வீட்லயே செய்யலாம் போல இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னான். சொன்னவன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கு விசில்.

பதினான்கு விசிலுக்குப் பிறகு அவள் மூடியைத் திறந்து கரண்டியால் கிண்டிய சத்தம் எனக்குக் கேட்டது. கறி குக்கருக்குள் உருண்டது. கொட்டைப்பாக்கு உருளுவது போன்ற சத்தம். நூலாக வரவேண்டிய கறி உருளக் கூடாது. பிறகு உரலில் போட்டு இடித்தாள். தூளாகிவிட்டது. சாயங்காலம் மகன் அந்தத் தூளைச் சோற்றின் மேல் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு" என்றான். ஆறு தம்ளர் தண்ணீர் குடித்தான். சமையலறை ஜன்னல் வழியாக அதையும் எண்ணினேன்.

எனக்கு இந்த மருமகளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஈப்போக்காரி, கீழே நகரத்தில் வளர்ந்தவள். எந்தக் கதவையும் முழுதாகச் சாத்த மாட்டாள். முப்பத்தொன்பது வருடம் நான் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்த தோட்ட ஆபீசில், ஜன்னலோரத்தில் இருந்த அதே இடத்தில் இப்போது அவள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதிய பெயர்ப்பதிவுகளை மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். "பெட்டிக்குள்ள எலி குடும்பம் நடத்துது மாமா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்கள் இருப்பது தோட்டத்தின் வீடு. மகனுக்கு வேலை இருப்பதால் வீடு இருக்கிறது. மகன் இருப்பதால் நான் இருக்கிறேன். இதை அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே நினைவூட்டும் விதத்தில் என் தட்டை மேசையில் வைப்பாள்.

ஆனால் அந்தக் கறிக்காக நான் அவள்மீது எரிந்து விழுந்ததற்கு இவையெல்லாம் காரணம் இல்லை. நான் மாட்டிறைச்சி தின்று வளர்ந்தவன். இந்தத் தோட்டத்தில் அது ஒருவருக்கும் தெரியாது.

நான் பிறந்தது இங்கே அல்ல. கம்போங் ராஜாவுக்கு அப்பால் இருந்த இன்னொரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே மேட்டில் லயம் என்னும் வரிசை வீடுகள் ஆறு, பள்ளத்தில் மூன்று. மேட்டில் கங்காணியும் அவருடைய ஆட்களும், பள்ளத்தில் நாங்கள். யாரும் யாருடைய சாதியையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையில்லை. கோலா தெர்லாவுக்குக் காய்கறி ஏற்ற வரும் லாரியில் மலாய்க்கார டிரைவர் இலையில் கட்டிக் கொண்டுவரும் கறியை எந்த வீட்டில் வாங்குகிறார்கள் என்று பார்த்தாலே போதும். அதற்கு எங்கள் லயத்தில் பெரிய கறி என்று பெயர்.

அம்மா அதை நீளவாட்டில் பெரிய துண்டுகளாகப் போடுவாள். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடிகளின் வேர்க்கட்டைதான் விறகு. அது மளமளவென்று எரியாது. மணிக்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். கறி வெந்து சாறோடு ஆறிய பிறகு உட்கார்ந்து பிய்ப்பாள். பிய்ப்பதற்கு இரண்டு காரணங்கள். துண்டாக இருந்தால் பிள்ளைகள் ஆறு பேரும் எண்ணிப்பார்த்துச் சண்டை போடுவோம். அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றை ஆரம்பித்தவன் நான். நூலாக இருந்தால் எண்ண முடியாது. இரண்டாவது காரணம், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் சோறு. அதில் துண்டைக் கண்டால் என்ன கறி என்று கேட்பார்கள்.

"கேட்டா பலாக்கான்னு சொல்லு" என்பாள் அம்மா.

ஏழு வருடம் பலாக்காய் என்று சொன்னேன். இந்த மலைக் குளிரில் ஒரு பலா மரம்கூடக் காய்க்காது. என் வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரில் ஒருவனும் அதை யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். இரண்டில் எது என்று எழுபத்தெட்டு வயதில் நினைத்தாலும் காது சூடாகிறது.

இருபத்திரண்டு வயதில் இந்தத் தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்தது. இங்கே வந்த முதல் நாளே, என் அப்பா ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர், மேட்டு லயத்துக்காரர் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அவர் தேயிலைச் செடி பிடுங்கியவர். அன்றிலிருந்து ஐம்பத்தாறு வருடம் அந்தக் கறியை நான் வாயில் வைத்ததில்லை. முப்பது வயதில் இந்தத் தோட்டத்துக் கங்காணியின் மகளைக் கட்டிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்து, ஆறு வருடத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். அவளுக்குத் தெரியாது. மலையடிவாரத் தாப்பாவிலிருந்து பலாக்காய் வரும்போதெல்லாம் சமைப்பாள், நான் தொடமாட்டேன். "எல்லாத்தையும் திங்கிறீங்க, இது மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்று கேட்பாள். வயிற்றில் வாயு சேருகிறது என்பேன்.

அவளுடைய தம்பி இருக்கிறான். எழுபத்தொரு வயது. கங்காணி என்ற பட்டம் போய்விட்டாலும் அந்த நடை அவனைவிட்டுப் போகவில்லை. தோட்டத்துக் கோயிலுக்கு அவன்தான் தலைவர். ஒவ்வொரு திருவிழாவிலும் பூசை முடிந்ததும் தேங்காய், பழம், திருநீறு வைத்த முதல் தட்டு யாருக்கு என்று அவன் சொல்வான். இருபத்து மூன்று வருடமாக அதை எனக்குக் கொடுத்து வந்தான். படித்தவர், அக்காள் புருஷன், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர் என்பது கணக்கு. கூட்டத்துக்கு முன்னால் நின்று அந்தத் தட்டை வாங்கும் ஒவ்வொரு முறையும், பள்ளத்து லயம் இன்னும் ஒரு மைல் தூரம் பின்னால் போய்விட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்தத் தட்டு என் கையைவிட்டுப் போனால் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று நம்பியிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் மருமகள் இந்த வீட்டுக்கு வந்த இருபதாம் நாள், "மாமா, நான் டாகிங் சமைப்பேன். அவருக்கும் புடிக்கும். ஒங்களுக்கு வேற சட்டியில வெச்சுடுறேன்" என்றாள். மலாயில் மாட்டிறைச்சிக்கு டாகிங் என்று பெயர். நான் நாற்பது நிமிடம் கத்தினேன். செத்துப்போனவள் புழங்கிய அடுப்பு என்று கத்தினேன். எனக்குப் பயம், அந்த வாசனை மச்சினன் மூக்குக்கு எட்டும்போது அவன் கறியைப் பார்க்க மாட்டான், என் முகத்தைப் பார்ப்பான் என்று. வெறுக்கிறவன் வேடம் போடுகிறவன் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் கத்துவான்.

மகன் ஈப்போவுக்கே போய்விடுவதாகச் சொன்ன பிறகு இறங்கி வந்தேன். வீட்டுக்கு வெளியே, நான்கு எட்டு தள்ளி இருந்த விறகுக் கொட்டகையில் சமைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு முழுத்தாளில் ஒன்பது விதிகள் எழுதி, மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கொட்டகைக் கதவில் நான்கு ஆணி அடித்து மாட்டினேன். சட்டி, கரண்டி, கத்தி, கிண்ணம் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. தோட்டத்தில் எந்த மண்வெட்டி எந்த டிவிஷனுடையது என்று தெரிய அப்படித்தான் பெயின்ட் அடிப்போம். மச்சினன் வீட்டில் இருக்கும் நேரத்தில் பின்கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பது நான்காம் விதி. கொட்டகையில் சாப்பிட்டவர் பாத்திரத்தைத் தானே கழுவி, வெளிக்குழாயில் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது ஏழாம் விதி. மூன்று வருடமாக என் மகன் இந்தக் குளிரில் அப்படிக் குளித்துக்கொண்டிருந்தான். தும்முவான். நான் தும்மலையும் எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கை சொல்ல மாட்டேன்.

பதினான்கு விசிலுக்கு அடுத்த ஞாயிறு மழை. மூன்று மணிக்கு மச்சினன் குடையோடு வந்தான். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. சமையலறையில்தான் கொஞ்சம் கதகதப்பு, அங்கேயே உட்கார்ந்தோம். மருமகள் அவனுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். கொட்டகையின் பல்பு எரியவில்லை. சமையலறை வெளிச்சம் வேண்டும் என்று பின்கதவைத் திறந்தே போட்டுவிட்டு, இறவாரத்தின் கீழ் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், கனைத்தேன். அவள் திரும்பவில்லை.

"என்ன மச்சான், பின்னால பெரிய ஓட்டல் ஓடுது போல" என்றான் அவன், கழுத்தை நீட்டிப் பார்த்து.

"அது வெளிய. உள்ள ஒண்ணும் வராது. எழுதி மாட்டியிருக்கேன்."

"பாத்தேன் பாத்தேன். ஒங்க எழுத்தாச்சே, அழகு லா. மாட்டுக்கறிக்கு இம்புட்டு அழகா யாரும் நோட்டீஸ் போட்டதில்ல."

மருமகள் வெளியிலிருந்து, "சித்தப்பா, ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் வைக்கவா?" என்று கேட்டாள்.

"ஐயோ தாயி, எங்க பரம்பரையில அந்த வாடையே கெடையாது. எங்கக்கா இருந்தா இந்நேரம் வீட்ட கழுவி விட்டுருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "மச்சான், மொத தட்டு இந்த வருசமும் ஒங்களுக்குத்தான். இருவத்தி மூணாவது வருசம்."

"இருவத்தி நாலாவது" என்றேன்.

"எண்ணி வெச்சிருக்கீங்க."

வெளியே அவள் கறியை வெட்டத் தொடங்கினாள். நல்ல கழுத்துக்கறி, கொழுப்பு இழை இழையாக ஓடியிருந்தது. மூன்று வாரமாக ஈரமே இல்லாத தொடைக்கறி வாங்கியவளுக்கு இந்தத் தடவை தற்செயலாகச் சரியானது கிடைத்திருந்தது. அதை அவள் நாருக்குக் குறுக்கே வைத்து, குழம்புக்குப் போடுவதுபோல் சின்னச் சின்னக் கட்டியாக வெட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கத்தி விழும் ஒவ்வொரு முறையும் நூல் அறுந்தது. அறுத்துவிட்ட நூலை எத்தனை விசில் விட்டாலும் நீட்ட முடியாது. அதுதான் மூன்று வாரமாக அவள் செய்த தப்பு. முதல் ஞாயிறு சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும்.

மச்சினன் பந்தல்காரனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஆமாம் ஆமாம் என்றேன். பதினொன்று. பன்னிரண்டு. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டாம் கட்டியில் அவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கைபேசி வீடியோவில் வந்த சமையல்காரியைப் பார்த்து, தனக்குத்தானே சொன்னாள்:

"இவ என்னதான் மாயம் பண்றாளோ. போன வாரம் பதினாலு விட்டேன். இன்னிக்கு இருவது விட்டுப் பாத்துடறேன்."

இருபது.

"அடி அறிவு கெட்டவளே, குறுக்க வெட்டாதடி!" என்று கத்தினேன். எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "நாரு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கண்ணு தெரியலையா? அது ஓடற வாக்குல பெரிய துண்டா போடு! குக்கர தூக்கி எறி. விசிலு எதுக்கு, ரயிலா ஓட்டற? சட்டியில போட்டு, கறி முழுவுற அளவுக்குத் தண்ணி வெச்சு, சின்னத் தீயில ரெண்டரை மணி நேரம் போட்டுட்டுப் போ. வெந்த ஒடனே வெளிய எடுத்துப் பிய்க்காத, காத்துல சக்கையா போயிடும். சாத்துலயே கெடந்து ஆறணும். கை பொறுக்கற சூட்டுல எடுத்துப் பிய்ச்சுத் திரும்ப அந்தச் சாத்துலயே போடணும். எங்கம்மா ஒரு நாளும் குறுக்க வெட்டுனதில்ல!"



மருமகள் கத்தியும் கையுமாக என்னைப் பார்த்தாள். அவளை நான் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மச்சினன் தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் அப்படியே பிடித்திருந்தான்.

"ஒங்கம்மாவா?" என்றான்.

மூன்று பொய்கள் என் கையில் இருந்தன. ஆட்டுக்கறியைச் சொன்னேன் எனலாம். ஆபீசில் யாரோ சொல்லக் கேட்டது எனலாம். பலாக்காய் என்றுகூடச் சொல்லலாம். உண்மையாகவே அது நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வயதில் சொன்னதை எழுபத்தெட்டு வயதிலும் சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல்தான் வந்தது. வேறு யாரும் எதிரில் இல்லை.

"ஆமா. எங்கம்மாதான்."

"மேட்டு லயம்னு சொன்னீங்க?"

"பள்ளத்து லயம். கடைசி வீடு."

கோப்பையைக் கீழே வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாப்பது வருசம்..."

"நாப்பத்திரெண்டு."

"நாப்பத்திரெண்டு வருசம் எங்கக்கா கையில சோறு வாங்கித் தின்னுருக்கீங்க. எங்கப்பா கோயில் வாசல்ல வெச்சு ஒங்களுக்குப் பொண்ணக் குடுத்தாரு. பலாக்காய தொடமாட்டேங்கிறாரு, என்ன மனுசனோன்னு அக்கா சொல்லும். இப்ப எல்லாத்துலயும் சந்தேகமா இருக்கு."

"அது வாயு" என்றேன். பழக்கம்.

"த்தூ" என்றான். துப்பவில்லை, சத்தம் மட்டும்.

"நீ ரொம்ப யோக்கியன். பிரிஞ்சாங் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில முட்டையும் எறச்சியும் வெச்ச பர்கர நீ நின்னு தின்னத நாலு தடவ பாத்திருக்கேன்."

"அது பர்கர். அது ரொட்டி!"

"ரொட்டிக்குள்ள என்ன, பலாக்காயா?"

வெளியே மருமகள் சிரித்துவிட்டாள். அவன் குடையை எடுத்தான். கோப்பையில் முக்கால்வாசி தேநீர் அப்படியே இருந்தது. இந்த வீட்டில் அவன் தேநீரை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "தட்டு விசயம் கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்" என்றான். கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் அவன் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர்கள். அவன் படி இறங்கும் சத்தத்தை எண்ணினேன். பதினொரு படி. ஒன்றிலும் தயங்கவில்லை.

சமையலறைக்குத் திரும்பினேன். மருமகள் பின்வாசலில் நின்றிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"மூணு வருசம்" என்றாள். "மூணு வருசமா என்னை இந்தக் கொட்டாயில ஒக்கார வெச்சீங்க. ஏதோ தீட்டுக்காரி மாதிரி. சட்டிக்குச் சிவப்பு, கரண்டிக்குச் சிவப்பு. ஒங்க மகன் குளுருல குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டு வந்து படுப்பாரு. நீங்க முன்ன தின்னதையே நான் சமைச்சேன், அதுக்கா?"

நான் பலகையில் கிடந்த கறியைப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை.

"சாமி, அக்கா, பரம்பரைன்னு அவரு சொன்னாலாவது ஒரு ஞாயம். அவரு நம்பறாரு. நீங்க?"

"கறி காயுது" என்றேன்.

"காயட்டும். நீங்களே வந்து பண்ணுங்க. நான் எதுக்கு? நான்தான் அறிவு கெட்டவளாச்சே."

கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவள் அறைக் கதவைச் சாத்தினாள். முதல் தடவையாக முழுதாகச் சாத்தினாள்.

மணி மூன்று நாற்பது. கொட்டகைக்குப் போனேன். மூன்று வருடத்தில் அதற்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் முறை. ஆணி அடித்ததுகூட வெளியில் நின்றுதான். வெட்டாமல் மிச்சம் இருந்த கறியை நார் ஓடும் வாக்கில் ஐந்து துண்டாகப் போட்டேன். அவள் வெட்டிய பதினெட்டுக் கட்டியை வீணாக்க மனமில்லாமல் அதையும் சேர்த்தேன். சிவப்புக் கோடு போட்ட சட்டியில் இஞ்சி, பூண்டு, பட்டை, அவள் வாங்கி வைத்திருந்த கிச்சாப்பில் எட்டுக் கரண்டி. தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். கொதிக்கக் கூடாது. ஒரு குமிழி வந்து உடைந்து, நான் ஐந்து எண்ணிய பிறகு அடுத்த குமிழி வர வேண்டும்.

விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தேன். கொட்டகைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று அவள் உட்காரும் பலகைக்கு நேர் மேலே. ஐந்து மணிக்கு அந்த வாசனை வந்தது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அம்மாவின் முகம் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம், மூடியைத் திறக்க வேண்டும், யாராவது கேட்பார்கள் என்ற அந்தப் பழைய பயம்தான் வந்தது. ஆனால் வாயில் எச்சில் ஊறியது. இரண்டும் ஒன்றாக வந்தன. நான் சட்டியைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டவுனுக்குப் போயிருந்த மகன் ஏழு மணிக்கு வந்தான். கொட்டகையில் நான் உட்கார்ந்து, சாற்றில் ஆறிய கறியைக் கையால் பிய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கதவில் இருக்கும் நோட்டீசை ஒரு தடவை பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். உள்ளே போனான். உள்ளே அவள் குரல் பதினைந்து நிமிடம் கேட்டது. நூல் ஐந்தங்குலம், ஆறங்குலம் என்று நீளமாக வந்தது. கட்டிகள் வரவில்லை, அவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

அவள் சோறு கொண்டுவந்தாள். மூன்று கிண்ணம், மூன்று முட்டை. என் கிண்ணத்திலும் சிவப்புக் கோடு இருந்தது. அவளும் மகனும் தங்கள் கிண்ணத்தில் கறி போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி, ஒழுகாத மூலையில் உட்கார்ந்தார்கள். மகன் முதல் கவளத்தை மென்றுவிட்டு அவளைப் பார்த்தான். அவள் தட்டையாக, "நூலு நூலாதான் இருக்கு" என்றாள். பாராட்டு இல்லை, வாக்குமூலம்.

நான் சாப்பிட்டேன். ஐம்பத்தாறு வருடத்துக்குப் பிறகு. எனக்கு மிச்சமுள்ள பல் ஒன்பது. அந்தக் கறிக்கு ஒன்பதும் தேவைப்படவில்லை. கிச்சாப் இனிப்பு கொஞ்சம் அதிகம். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போக எழுந்தேன். அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கதவில் இருந்த தாளில் ஓர் இடத்தைத் தட்டினாள்.

"ஏழு" என்றாள்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசு."

"வயசப் பத்தி அதுல ஒண்ணும் எழுதல மாமா. நான் நல்லாப் படிச்சுட்டேன்."

மகன் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் என் கிண்ணத்தைக் கழுவினேன். வெளிக்குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். முதல் குவளைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுபோனது. இரண்டாவது குவளைக்கு முன்னால் அவள் வந்து, ஆவி பறக்கும் ஒரு கெட்டில் தண்ணீரை வாளியில் ஊற்றினாள்.

"காய்ச்சல்னு படுத்தீங்கன்னா நான்தான லீவு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் கறிச் சமையல் நடந்தது. அவள்தான் சமைத்தாள், சரியாக. கொட்டகையில்தான் சாப்பிட்டோம். அந்தத் தாளைக் கழற்றிவிடலாம் என்று நான் ஆணியில் கை வைத்தபோது, "இருக்கட்டும். எழுதுனவரு படிக்கட்டும்" என்றாள். மச்சினன் வரவில்லை. கோயிலில் காப்புக் கட்டியதும் கறி நின்றது. அது ஒன்பதாம் விதி. அதை மட்டும் அவளும் மதித்தாள்.

திருவிழா அன்று முதல் தட்டு ஓய்வுபெற்ற டிராக்டர் டிரைவர் ஒருவருக்குப் போனது. அவருக்கே ஆச்சரியம், எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல் இரண்டு முறை மாற்றினார். கூட்டத்தில் சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எட்டுப் பேர். நான் வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றேன்.

திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு மச்சினன் வரிசையாக வந்தான். என்னிடம் வந்ததும் நின்றான். சிரித்த முகத்தோடு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"மச்சான், கை கழுவிட்டு வந்தீங்களா?"

நான் கையை நீட்டினேன்.

"இல்ல" என்றேன், பதினெட்டாவது ஆளுக்கும் கேட்கும்படி. "வாசன போயிடும்னு கழுவல. போடு."

அவன் போட்டான். தட்டு ஆடியதில் மூன்று இடத்தில் சிந்தியது.